வேலிக்குள் நின்றவன்

புருஷனைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, அவனைக் கொன்ற நெருப்புக்கோழிக்கு டலேனா தீனி வைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் நல்ல பச்சைக் குதிரைமசால் தழையாகப் பார்த்துப் பிரித்து, வேலிக்கு மேலாக உதறிப் போட்டாள்.

சமையலறை ஜன்னலில் நின்று ஹெஸ்டர் அதைப் பார்த்தாள். செத்துப்போன கிதியோன் அவளுடைய ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவளே அவள்தான். காப்பியில் நனைத்த ரஸ்க்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அடுத்த பண்ணைக்கார ஸ்டோஃபல் துப்பாக்கியோடு வந்து வேலியோரம் வண்டியை நிறுத்தினார்.

"ஒரு வார்த்தை சொல்லும்மா. இப்பவே முடிச்சு விட்டுடறேன்."

"வேண்டாம் மாமா. முட்டை வெச்சிருக்கிற நேரம். அது என்ன பண்ணும் பாவம்."

"பாவமா?" ஸ்டோஃபல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பார்வைதான் ஹெஸ்டரின் மனசைக் குடைய ஆரம்பித்தது. கிதியோன் இந்தக் கோழிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவன். முட்டைக் காலத்தில் சேவலின் காலும் அலகும் சிவந்துவிட்டால், கையில் நீண்ட முள்கொப்பு இல்லாமல் அடைப்புக்குள் கால் வைக்க மாட்டான். முகத்துக்கு நேரே முள்ளைப் பிடித்தால் கண்ணுக்குப் பயந்து அது பின்வாங்கும். கொப்பு இல்லாதவன் குப்புறப் படுத்துவிட வேண்டும். மேலே ஏறி மிதிக்கும், சதை கன்றிப் போகும், அவ்வளவுதான். நிற்கிறவனைத்தான் அதன் நகம் கிழிக்கும்.

கிதியோனை நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் கிழித்திருந்தது.

அப்படியானால் அவன் வெறுங்கையோடு நின்றிருக்கிறான். ஸ்வார்ட்பெர்க் மலையடிவாரத்தில் பிறந்த சின்னப் பிள்ளைகூடச் செய்யாத காரியம்.

ஹெஸ்டர் அடைப்பின் வாசலுக்குப் போனாள். கொப்பு தொங்க வேண்டிய ஆணி காலியாக இருந்தது. திரும்பி வரும்போது வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ அதைச் செருகி வைத்திருந்தது கண்ணில் பட்டது.

வீட்டுக்குள் வந்தாள். படுக்கையறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. மூடியைத் தூக்கினால் டலேனாவின் துணிகள், அவளுடைய செருப்பு, சீப்பு. எல்லாம் பயணத்துக்குக் கட்டியது போல.

டலேனா உள்ளே வந்து காப்பி ஊற்றினாள். கோப்பையை விரல் நுனியால் பிடித்திருந்தாள். உள்ளங்கை முழுக்கக் குத்துக் காயம். சில இடங்களில் வீங்கிச் சிவந்திருந்தது.

"கை என்னாச்சு?"

"முள்ளு குத்திடுச்சு, அண்ணி."

"எந்த முள்ளு?"

டலேனா கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கே. எங்க பயணம்?"

"எங்கயும் இல்ல. இனிமே எங்க போறது."

"அப்ப முன்னாடி போறதா இருந்தியா?"

"ம்."

"கிதியோனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னிக்குக் காலையில சண்டை. என்ன சண்டைன்னுகூட இப்ப ஞாபகம் வரல."

ஹெஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பின்பக்கம் போய் அந்தக் கொப்பை இழுத்து வந்து மேஜையில் போட்டாள். கோப்பை கவிழ்ந்து காப்பி விரிப்பில் ஓடியது.

"என் தம்பி இது இல்லாம உள்ள போக மாட்டான். யாரோ இதை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காங்க. உன் கை கிழிஞ்சு கிடக்கு. அவன் சாகறப்ப இது உன் கையிலதான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

"என் கையிலதான் இருந்துச்சு."

அழுவாள், மழுப்புவாள், பொய் சொல்லுவாள் என்றுதான் ஹெஸ்டர் நினைத்திருந்தாள்.  போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

"போலீஸைக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடுங்க. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல. அதைப் பார்க்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல. அங்க செருகி வெச்சேன்."

"கொப்பைக் கையில வெச்சுக்கிட்டு, அவன் கிழிபடறதை நின்னு பார்த்தியா? மனுஷியா நீ?"

டலேனா காப்பி சொட்டும் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. கோவத்துல பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடைப்புக்குள்ள இறங்கினது நான்தான், அண்ணி. கூடு இருந்ததைக் கவனிக்கல. சேவல் என்னைப் பார்த்துத்தான் பாய்ஞ்சு வந்துச்சு. பயத்துல கால் அசையல. இவர் கொப்போட ஓடி வந்தார். என் கையில திணிச்சு, போன்னு தள்ளிவிட்டு, அதுக்கும் எனக்கும் நடுவுல நின்னுக்கிட்டார். நீங்க படுங்க, படுங்கன்னு கத்திக்கிட்டே போனேன்."

ஹெஸ்டரின் கையிலிருந்த போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

"நான் வேலியைத் தாண்டுற வரைக்கும் அவர் படுக்கவே இல்ல."