முப்பது வருடக் கை

துறைமுகக் கிரேனை இப்போது ஏசி அறையில் உட்கார்ந்தே ஓட்டலாம். எதிரே கிரேனைக் காட்டும் திரை, மேசைமேல் ஒரு குமிழ்; அழுத்தினால் கொக்கி இறங்கும், தூக்கினால் ஏறும், சாய்த்த பக்கம் நகரும்.

முப்பது வருடம் உச்சிக் கூண்டில் வெந்த ஆபரேட்டருக்கு அது ஒரே வாரத்தில் கைவந்துவிட்டது. "இப்பல்லாம் நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே கொக்கி போய் நிக்குதுடி" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

மேனேஜரும் அவரை விட்டுக்கொடுத்ததில்லை. "அண்ணே, நீங்க நாற்காலியை விட்டு நகரவே கூடாது. ஆள் இல்லாம கிரேன் ஓடினா சட்டப்படி தப்பு" என்பார்.

இன்று காலை ஒரு பெட்டி இறங்கி, கீழே நின்ற தொழிலாளியின் காலை நசுக்கிவிட்டது.

"நான் மேல தூக்கினதாத்தான் ஞாபகம்" என்றார் ஆபரேட்டர்.

"வயசாச்சில்லண்ணே, கை தவறியிருக்கும்" என்றார் மேனேஜர். "என் தப்புதான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. வேலை போறதோட போகட்டும், கேஸ் வராம நான் பாத்துக்கறேன்."

பேனா பிடித்த கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. போட்டுக்கொடுத்தார்.

சாப்பாட்டுப் பையை எடுக்க அறைக்குப் போனார். மேசைக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு வயர் நுனியை நீட்டினாள்.

"இதை எதுலயாவது மாட்டுங்களேன். கம்ப்யூட்டர்காரங்க கழட்டிப் போட்டு மூணு மாசமாச்சு, பெருக்கும்போதெல்லாம் விளக்குமாத்துல சிக்குது."

வயரின் மறுமுனை குமிழில் இருந்தது.

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். நாற்காலி காலியாகக் கிடக்க, கொக்கி அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது.