சொன்னபடி மடங்கும் மேசை

அந்தச் சின்ன ஃபிளாட்டில் பழைய கதவுப் பலகைகளால் செய்த மடக்கு மேசை ஒன்று இருந்தது. பகலில் அதுதான் தணிகைவேலுக்கு ஆபீஸ், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு எல்லோருக்கும் சாப்பாட்டு மேசை. வேலை முடிந்ததும் மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சோபாவோ பாதி ஹாலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நீ கொஞ்சம் நகர்ந்துகொடுத்தால் என்ன? நானும் ஒரு நாள் கால்களை நீட்டி நிற்பேனே," என்றது மேசை.

"எனக்கு மடங்கத் தெரியாது. அதனால் என்னை யாரும் மடங்கச் சொல்வதில்லை," என்றது சோபா.

மேசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடங்கத் தெரிந்தது ஒரு குற்றமா? அன்று சாப்பாடு முடிந்து தணிகைவேல் மடக்க வந்தபோது, அது கால்களை விறைத்துக்கொண்டு நின்றது. அவர் இழுத்தார், தட்டினார், கடைசியில் உதைத்தும் பார்த்தார். கீல் இம்மியும் அசையவில்லை.

"வாங்கினப்ப தங்கமான மேசை. இப்பத் திமிர் ஏறிப்போச்சு," என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே, உறை சரசரக்கச் சோபாவில் சாய்ந்தார். "பாரு, சோபாவுக்கு இடைஞ்சலா எப்படி நிக்குதுன்னு."