விரைந்து முடிவெடுப்பது எப்படி?

மதுரையில் உட்கார்ந்து வெளியூர் ஸ்கேன்களுக்கு அறிக்கை தரும் டாக்டர் செங்கமலம், சங்கரன்கோவிலிலிருந்து வந்த இதய ஸ்கேனைத் திறந்ததும் படம் மங்கி, அறிவிப்பு வந்தது: 'இந்த ஆண்டுப் பயிற்சியில் ஒரு பாடம் பாக்கி. முடித்தால்தான் படம் தெரியும்.'

பாடத்தின் தலைப்பு, 'மாரடைப்பில் விரைந்து முடிவெடுப்பது எப்படி?' நீளம் நாற்பது நிமிடம். நடத்துபவரும் செங்கமலமேதான். போன வருடம் பொன்னாடை போர்த்திப் பதிவு செய்திருந்தார்கள்.

"ஓட்டி விடுங்க மேடம், நெஞ்சுவலின்னு வந்தவருக்கு வேர்த்துக் கொட்டுது" என்று சங்கரன்கோவில் ஸ்கேன் அறையிலிருந்து டெக்னீஷியன் அருள்தாஸ் போனில் கெஞ்சினார்.

"கண்ணை எடுத்தாலே முதல்ல இருந்து ஆரம்பிக்குதுப்பா. பாடத்தை ஓடவிட்டுட்டு எல்லாரும் டிபன் சாப்பிட்டோம்ல, அதான் கண்ணைக் கண்காணிக்க இந்தக் கேமராவை வெச்சுட்டாங்க."

"வேற டாக்டர் யாரும்?"

"மத்த மூணு பேரும் இதே பாடத்துலதான் உக்காந்திருக்காங்க."

திரையில் இருந்த செங்கமலம் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, மேடையில் வீற்றிருந்த பதினேழு பேரையும் ஒவ்வொருவராக 'அவர்களே' போட்டு வரவேற்றார். பதினோராவது பெயரை விட்டுவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, மறுபடி தொடங்கினார்.

ஒருவழியாகக் கடைசிக் கேள்வி வந்தது: 'அறிக்கை தாமதமானால் நோயாளிக்கு என்ன நேரும்?'

போனில் அருள்தாஸின் குரல் நின்றுபோய், ஒரு பெண்ணின் அழுகை கேட்டது.

செங்கமலம் சரியான விடையைத் தொட்டார்.

நூற்றுக்கு நூறு. படம் பளிச்சென்று தெரிந்தது.