ஐந்து மணி விருந்து

“ஹீட்டர் மேல கை வெச்சே, நடுரோட்டுல நிப்போம்” என்றான் ஸ்டியான்.

அவன் மனைவி சிலியே கையை இழுத்துக்கொண்டாள். வெளியே மைனஸ் பதினெட்டு. இரண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, மடியில் போர்வை என்று அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால், பனிச்சரிவில் சிக்கி மீட்கப்பட்டவள் மாதிரி இருந்தது.

“சீட்டு சூடாத்தானே இருக்கு? அதுக்குக் கொஞ்சம் கரண்டு போதும். காருக்குள்ள இருக்கற காத்தச் சூடு பண்ணத்தான் பேட்டரி கரையும்.”

“முதுகு வேகுது, மூக்கு விறைக்குது. நல்ல சமையல்!”

மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து ஸ்டியான் பாதி விஞ்ஞானி ஆகிவிட்டான். காலையில் பிளக்கைக் கழற்றாமலே முக்கால் மணி நேரம் காரைச் சூடாக்கினான். டயருக்குக் காற்று அளந்தான். கூரை மேலிருந்த பனிச்சறுக்குப் பெட்டி காற்றைத் தடுக்கும் என்று கழற்றி வீட்டிலேயே வைத்தான். இப்போது எண்பதில் போக வேண்டிய சாலையில் பிசகாமல் அறுபதில் போய்க்கொண்டிருந்தான்.

மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்து அவர்களைத் தாண்டிப் போனது.

“ஸ்டியான், மரமே நம்மள முந்திட்டுப் போகுது.”

“போகட்டும். அது டீசல்.”

சிலியே சிரிக்கவில்லை. “அஞ்சு மணிக்கு அம்மா மீன மேசைக்குக் கொண்டுவந்துடுவாங்க. அது யாருக்காகவும் காத்திருக்காது, ஆறினா கூழாயிடும். கருவாட்டச் சாம்பல் காரத்தண்ணில ரெண்டு நாள், நல்ல தண்ணில நாலு நாள்னு ஊறப் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவ நமக்காகத்தான் பண்றாங்க.”

“தெரியும்.”

“என்ன தெரியும்? போன வருஷம் பேட்டரி. அதுக்கு முந்தின வருஷமும் பேட்டரி. ரெண்டு தடவையும் நமக்கு இறைச்சி உருண்டைதான் மிச்சம். நீ என்னடான்னா மூணு தடவ கேட்டு வாங்கித் தின்னே! இந்தத் தடவையும் லேட்டா வந்தா இனிமே கூப்பிடவே மாட்டேன்னு அம்மா அழுதுட்டாங்க.”

“அதுக்காகத்தான் இவ்ளோ பாடுபடறேன். வேகமா போயி வழியில நின்னா, நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்.”

“இப்ப எவ்ளோ இருக்குன்னாவது பாக்கறேனே.”

காரின் திரையில் பேட்டரி அளவு தெரியும் மூலையில் ஸ்டியான் தன் கம்பளிக் கையுறையை மாட்டித் தொங்கவிட்டிருந்தான். “அதத் தொடாத. எண்ணப் பாத்தா பதட்டம்தான் கூடும். கணக்க எங்கிட்ட விடு.”

வழியில் லில்லஹாமர் ஊரில் சார்ஜ் ஏற்ற நிறுத்தினார்கள். வேகமாக ஏற்றும் கம்பங்கள் நான்கும் காலியாக இருக்க, ஸ்டியான் ஓரத்திலிருந்த மெதுவான கம்பத்துக்குப் போனான். குளிர்ந்த பேட்டரிக்கு வேகம் ஆகாதாம். ஒன்றரை மணி நேரம் போனது. சிலியே இரண்டு சாசேஜைக் கோபத்தோடு தின்றாள். அவன் காபியும் கையுமாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் டயர் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஓட்டா ஊரில் மாமியார் வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி ஆறு பத்து. ஜன்னலில் காகித நட்சத்திரம் ஒளிர்ந்தது. கதவைத் திறந்த யோருன் மகளைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, மன்னிச்சுக்கோம்மா. மீனு...” சிலியேவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மீனுக்கு என்னடி? இன்னும் அடுப்புலயே வைக்கல. ரெண்டு வருஷம் பட்டது போதாதா? எல்லாரும் வந்தப்புறம்தான் அடுப்ப மூட்டறதுன்னு இந்த வருஷம் முடிவு பண்ணிட்டேன்.”

சிலியே சின்னக் குழந்தை மாதிரி குதித்தாள். ஸ்டியானும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

“அப்பா எங்கம்மா?”

“அதையேன் கேக்கற! மீன் மேல போட பன்னிக்கறி வாங்கிட்டு வாங்கன்னு பன்னண்டு மணிக்கு அனுப்பிச்சேன். இதோ இருக்கு கடை. இன்னும் ஆளக் காணோம்.”

சொல்லி வாய் மூடவில்லை. நடக்கிற ஆளே முந்திவிடும் வேகத்தில் இன்னொரு மின்சாரக் கார் ஊர்ந்து வந்து நின்றது. மூன்று ஸ்வெட்டரும் சிவந்த மூக்குமாக மாமனார் ஹல்வோர் இறங்கினார்.

“என்ன பண்றது யோருன், இந்தக் குளிருக்கு பேட்டரி தாங்கல. ஹீட்டரப் போடாம உருட்டிக்கிட்டே வர்றேன்.”

“வந்து சேந்தீங்களே, அது போதும். ரெண்டு பேரும் காருக்கு பிளக்க மாட்டிட்டு உள்ள வாங்க. அரை மணில மீன் வெந்துடும்.” அம்மாவும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

“கேபிள நான் எடுத்துத் தரேன் மாப்ளே” என்று ஹல்வோர் ஸ்டியானின் காரைத் திறந்து உள்ளே குனிந்தார். தோள் பட்டுக் கையுறை கீழே விழுந்தது.

பேட்டரி அறுபத்து நான்கு சதவீதம்.

ஸ்டியானுக்கு முகம் வெளிறியது. பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாமனாரின் கார்ப் பக்கம் திரும்பினான். அங்கே திறந்திருந்த கதவுக்குள், அதே மூலையில், ஒரு கம்பளித் தொப்பி தொங்கியது. மெல்லப் போய் அதைத் தூக்கிப் பார்த்தான். எண்பத்தொன்று.

சமையலறை ஜன்னல் வழியாக மீன் வாடை வரத் தொடங்கியது. ஹல்வோர் ஒரு முறை அந்த ஜன்னலைப் பார்த்தார், ஒரு முறை மருமகனைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“மாப்ளே, உனக்கும் அந்த மீனு புடிக்காதா?”