நாளைய பழுது

நிலவுச் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் வீட்டோடு பேச ஆண்டுக்கு ஒரு நாள்தான். ஆனால் வீட்டுக் கணினியில் எது பழுதானாலும், அங்கிருந்தே அதை இயக்கிச் சரிசெய்யப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். அதற்காகவே செண்பகா தினமும் எதையாவது கெடுத்துவைப்பாள்.

வீட்டில் இருப்பவர்களே கெடுத்தால் அனுமதி ரத்து என்று இன்று காலை கடிதம் வந்துவிட்டது. நிலவில் இருக்கும் கணவன் தணிகைவேலுக்கும் வந்திருக்கும். முன்பே கெடுத்துவைத்திருந்த பிரிண்டர்தான் கடைசி.

மாலையில் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. தணிகைவேல் வந்துவிட்டான். அவள் விரல் கண்ணாடிமேல் அதன் பின்னாலேயே போயிற்று.

"அம்மா, பிரிண்டர் சரியாயிருச்சு. ஆனா அப்பா ஸ்பீக்கர கெடுத்துட்டுப் போறாரும்மா," என்றாள் மகள்.

"பாத்துட்டுதான்டி இருக்கேன். நாளைக்கு வந்து அவரே சரி பண்ணட்டும்."