டோர்த்தேயின் கட்டம்

"திங்கட்கிழமையிலிருந்து டோர்த்தே சமையலறையில இருக்கட்டும். பிள்ளைங்க பக்கம் வேணாம்" என்றாள் ஹெல்லே.

வெள்ளிக்கிழமைக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்த டோர்த்தேயின் கை அப்படியே நின்றது.

சன்னேதான் முதலில் வாயைத் திறந்தாள். "ரொட்டியைக்கூடக் கருக்கிடுவாளே இவ! இவளையா சமைக்க விடப்போறே?"

"விளையாடாதே சன்னே. சுவரைப் பாரு."

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் இருந்த அந்தச் சின்ன மழலையர் பள்ளிக்கு ஹெல்லேதான் தலைவி; சன்னேயும் டோர்த்தேயும் ஆசிரியைகள். நகரசபை நடத்திய புள்ளிவிவரப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவள் கை சும்மா இருக்கவில்லை. சுவரில் பெரிய அட்டை மாட்டி, ஆளுக்கொரு கட்டம் போட்டுவிட்டாள். எந்தப் பிள்ளை யாரிடம் அழுதாலும், அவர் கட்டத்தில் ஒரு நீல ஸ்டிக்கர். அதில் பிள்ளையின் பெயரும் வயதும் எழுத வேண்டும்.

சன்னே கட்டத்தில் ஏதோ ரெண்டு மூணு. ஹெல்லே கட்டம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். டோர்த்தே கட்டத்தில் இடமே போதாமல் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்.

"பாத்தியா? அவ எங்கேயோ அங்கேதான் அழுகை. அப்ப காரணம் யாரு?"

"மழை பெய்யற நாளெல்லாம் பிள்ளைங்க ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கு. பூட்ஸை ஒளிச்சு வச்சா மழை நின்னுடுமா?" என்றாள் சன்னே.

"எண்ணிக்கை பொய் சொல்லாது."

"அது சொல்லாது. நீ அதுக்குப் பின்பாட்டு பாடறியே, அங்கதான் சுருதி தப்புது."

டோர்த்தே கத்தியைக் கீழே வைத்தாள். "பிள்ளைங்களை விட்டா எனக்கு என்ன தெரியும், ஹெல்லே?"

"கேரட் சீவத் தெரியும்ல? அது போதும்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் ஸ்டிக்கரோடு ஒருத்தி நிற்கும்போது யார் என்ன பேச முடியும்? கேக்கை யாருமே தொடவில்லை.

ஹெல்லே பொல்லாதவள் இல்லை. இரும்பு, அவ்வளவுதான். போன மாதம் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமையே சிரித்த முகத்தோடு வேலைக்கு வந்து நின்றவள். "எப்படி இருக்கே?" என்று யாராவது கேட்டால் போதும். "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அட்டையில் கோடு போடப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை வந்தது. டோர்த்தே சமையலறைக்குப் போனாள். முற்றத்தில் அழுகைச் சத்தமே இல்லை.

"பாத்தியா?" என்றாள் ஹெல்லே, சன்னேயிடம். முகத்தில் அப்படியொரு வெற்றி!

வாய் மூடவில்லை, வில்லாஸ் என்ற பொடியன் தன் மூன்று சக்கர வண்டியோடு மணல்தொட்டி விளிம்பில் போய் மோதினான். குப்புற விழுந்தான். மோவாயில் ரத்தம்.

அழவில்லை. எழுந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

சன்னே ஓடினாள். "வலிக்குதாடா கண்ணா?"

"இல்ல."

ஹெல்லே குனிந்தாள். "எங்கே, காட்டு பாப்போம்."

"ஒண்ணுமில்ல!"

அவர்கள் இரண்டு பேரையும் தாண்டி, சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான். பின்னாலேயே இவர்களும் போனார்கள். விளையாட்டறையில் எட்டிப் பார்த்தான். ஜன்னலோரம் பார்த்தான். கடைசியில் சமையலறைக் கதவைத் தள்ளினான்.

கேரட் சீவிக்கொண்டிருந்த டோர்த்தே திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஆ... ஆ... ஆ!"

கூரை பெயர்ந்துவிடும் போல அலறினான்.

டோர்த்தே அவனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். "அடேயப்பா, இவ்வளவு ரத்தமா! இதுக்கு அழாம வேற எதுக்கு அழறது? அழு ராஜா, நல்லா அழு. ஒரு அவசரமும் இல்ல."

வாசலில் நின்ற சன்னே ஹெல்லேயை இடித்தாள். "இப்பச் சொல்லு. அழ வச்சது யாரு?"

"மூணு சக்கர வண்டி" என்றாள் ஹெல்லே, முணுமுணுப்பாக. பிறகு, "என்னைத் தாண்டிப் போனானே சன்னே! என் கட்டம் காலியா இருக்குன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மோவாயில் பிளாஸ்திரி ஒட்டியதும் வில்லாஸ் சிரித்துக்கொண்டே வண்டியைத் தேடி ஓடினான். சன்னேயும் அவன் பின்னால் போனாள்.

ஹெல்லே மட்டும் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் நின்றாள்.

டோர்த்தே கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வா, உக்காரு. அம்மா வீட்டை ஒருத்தியாவா காலி பண்ணினே?"

"ரொம்ப நல்லா..." என்று ஆரம்பித்தாள் ஹெல்லே. மேலே வரவில்லை.

டோர்த்தே எழுந்து கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம், பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, 'இந்தக் கண்றாவியை முதல்ல கிழிச்சுப் போடணும்' என்று சன்னே அட்டையிடம் போனாள். கை வைத்தவள் நின்றுவிட்டாள்.

டோர்த்தேயின் கட்டத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக ஒரு நீல ஸ்டிக்கர்.

'ஹெல்லே, வயது ஐம்பத்தொன்று.'