யாரும் கை வைக்காத கார்

"என் வண்டியில என்னைத் தவிர ஒரு பய கை வெச்சதில்ல! இதை எந்தக் கோர்ட்ல வேணாலும் வந்து சொல்வேன்!"

பேராசிரியர் சாவியை சர்வீஸ் மேனேஜரின் மேஜைமேல் ஓங்கி வைத்தார். வாங்கி நாலு மாதம்கூட ஆகாத கார், ஒயரிங் கருகிப் பின்னால் கொட்டகையில் பிணமாகக் கிடந்தது.

"வெளியில யாரோ ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டிருக்காங்க சார். அப்படிப் பண்ணினா வாரண்டி கிடையாது" என்று மேனேஜர் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். வண்டியை விற்ற அன்று இதே கட்டடத்தில் ஆளாளுக்குப் பல்லைக் காட்டினார்கள். இன்று அந்தப் பல்லுக்கும் வாரண்டி முடிந்துவிட்டது போலிருக்கிறது.

"நீ சொல்லு மச்சான், நம்மால என்ன செய்ய முடியும்?"

மச்சான் வக்கீல். கேஸ் கிடைத்த சந்தோஷத்தில், அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தான்.

"முதல்ல நோட்டீஸ் விடுவோம் மாமா. மசியலைன்னா நுகர்வோர் கோர்ட். வெளி நிபுணர் ஒருத்தரை வெச்சு வண்டியைச் சோதிச்சு ரிப்போர்ட் வாங்கிட்டா, ரிப்பேர் அவங்க செலவு, இல்லைன்னா புது வண்டி. மன உளைச்சலுக்குத் தனியா நஷ்டஈடு."

மன உளைச்சல் என்றதும் பேராசிரியருக்கு அது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க, விட்டுடுங்க. வெளி ஆளு, கோர்ட்டு எல்லாம் எதுக்கு? என் வளையலை வித்தாவது நாமளே சரி பண்ணிக்கலாம்" என்று கூட வந்திருந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

காய் வாங்கப் போனால் கடைக்காரரை அழவைத்துவிட்டு வருகிறவள் அவள். கோர்ட் என்றதும் இவளுக்கே தொடை நடுங்குகிறதே என்று அவருக்கு இளக்காரமாக இருந்தது.

"தப்புப் பண்ணினவன்தான் பயப்படணும். காலேஜ், வீடு. அதைத் தவிர என் வண்டிக்கு வேற ரூட்டே தெரியாது!"

மறுநாள் வெளி நிபுணர் வந்தார். எல்லோரும் சுற்றி நிற்க, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுக் குடைந்து, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார்.

"மேனேஜர் சொன்னது சரிதான் சார். இது டிராக்கர். வண்டி எங்க போகுதுன்னு யாரோ ஒருத்தர் போனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இதை மாட்டத்தான் ஒயரை வெட்டியிருக்காங்க. அரைகுறை வேலை, அதான் கருகிடுச்சு."

"பார்த்தியா மச்சான்! இவங்களே வெச்சிருக்காங்க! கஸ்டமரையே வேவு பாக்கறாங்க! நஷ்டஈட்டை டபுள் பண்ணு!"

மச்சான் டபுளாக்கி எழுதிக்கொண்டான். மேனேஜருக்கு வேர்த்துவிட்டது.

"யாருதுன்னு தெரிஞ்சுக்க முடியுமா?" என்றார் பேராசிரியர்.

"முடியும். இதுக்குள்ள தனி பேட்டரி இருக்கு. இந்தப் பட்டனை அமுக்கினா அவங்க போன்ல அலாரம் அடிக்கும்."

"அமுக்குங்க! எல்லாருக்கும் கேக்கட்டும்!" மேனேஜரின் சட்டைப்பையை முறைத்துக்கொண்டே சொன்னார்.

நிபுணர் அமுக்கினார். மேனேஜரின் சட்டைப்பை சும்மா இருந்தது. மனைவியின் கைப்பை அலறியது.

மச்சானின் பேனா நின்றது. வகுப்பில் மணி அடித்தாலும் மூடாத பேராசிரியரின் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் நிதானமாகப் போனை எடுத்து அலாரத்தை அணைத்தாள்.

"கேஸ் போடுங்க. தினம் சாயங்காலம் வண்டி யார் வீட்டு வாசல்ல நின்னுச்சுன்னு நானே வந்து சாட்சி சொல்றேன்."